காற்றின் வரவு செலவுக் கணக்கு: தனிமை அறையும் நகரும் வடிகட்டியும் வந்த கதை



சென்ற காலாண்டு இதழில் நமது செயற்குழு ஒரு முன்மொழிவை வெளியிட்டிருந்தது நினைவிருக்கும். பலநோக்குக் கூடத்தின் பின்னால் உள்ள சிறிய அறையை, தொற்றுநோய்க் காலத்தில் பயன்படும் தனிமை அறையாக மாற்றலாம். அதற்கு ஒரு நகரும் காற்று வடிகட்டி இயந்திரம் வாங்கலாம். தொகையைப் பராமரிப்பு உபரியிலிருந்து எடுக்கலாம் என்பது அதன் சாரம். வரும் பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஏராளமான கருத்துகள் வந்துவிட்டன. "ஏர் பியூரிஃபையர் ஒன்றை வைத்தால் போதும்" என்கிறார்கள் சிலர். "அதெல்லாம் வீண் செலவு" என்கிறார்கள் வேறு சிலர்.

நான் மருத்துவனும் அல்லன், பொறியாளனும் அல்லன். வணிகவியல் படித்து, வங்கியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் எந்தச் செலவுச் சீட்டிலும் கையெழுத்திடுவதற்கு முன்னால் அதன் பின்னணியைப் படித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்ட வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் சொல் விளக்கம்

நெகட்டிவ் பிரஷர் அறை என்றால் என்ன? அறைக்குள் வரும் காற்றைவிட, வெளியேற்றப்படும் காற்று கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். செலவு வரவை மிஞ்சினால் வங்கிக் கணக்கில் பற்றாக்குறை விழும் அல்லவா? அதைப் போல அந்த அறையின் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் குறைந்துவிடும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, கதவுக்கு அடியில் உள்ள இடுக்கு வழியாக நடைவழிக் காற்று உள்ளே ஓடி வரும். காற்று எப்போதும் உள்நோக்கியே ஓடுவதால், நோயாளியின் மூச்சிலிருந்து வந்த கிருமி கதவு வழியே வெளியே வராது. அறுவைச் சிகிச்சை அறையில் இதற்கு நேர்மாறு. அங்கே வெளிக்கிருமி உள்ளே வரக்கூடாது என்பதால் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும்.

இதில் வியப்பு என்னவென்றால், இவ்வளவு எளிய கணக்கை உலகம் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

காற்றில் பரவுமா, பரவாதா?

நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் உயரமான சன்னல்களும் நல்ல காற்றோட்டமும் உள்ள வார்டுகளை வலியுறுத்தியதும் அந்த நம்பிக்கையில்தான். பின்னர் 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கிருமிகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, கெட்ட காற்றுக் கொள்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த சார்லஸ் சேப்பின் 1910இல் எழுதிய நூலில், நோய்கள் பெரும்பாலும் தொடுவதாலும் நெருங்கிப் பழகுவதாலும்தான் பரவுகின்றன, காற்று வழியே பரவுவது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று வாதிட்டார். கை கழுவுவது, தூய்மை ஆகியவற்றின் மேல் மக்கள் கவனத்தைத் திருப்பியதில் அவருடைய பங்கு பெரியது. அதே சமயம், காற்று என்ற கணக்கையே பேரேட்டிலிருந்து அடித்துவிட்டது போலவும் ஆயிற்று.

அந்தக் கணக்கை மறுபடி திறந்தவர் வில்லியம் ஃபர்த் வெல்ஸ் என்ற பொறியாளர். 1934இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் பெரியவை சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை விழுவதற்கு முன்பே உலர்ந்து, அவற்றின் உட்கரு மட்டும் காற்றில் நெடுநேரம் மிதக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மருத்துவரான அவர் மனைவி மில்ட்ரெட் வெல்ஸும் இந்த ஆய்வுகளில் துணை நின்றார். ஃபிலடெல்ஃபியா அருகே பள்ளி வகுப்பறைகளில் புற ஊதா விளக்குகளைப் பொருத்திப் பார்த்தபோது, விளக்குள்ள வகுப்புகளில் தட்டம்மை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேறு ஊர்களில் இதையே செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. குழந்தைகள் வகுப்பறைக்கு வெளியேயும் கூடத்தானே பழகுகிறார்கள்! அதோடு வெல்ஸின் கருத்து ஓரம் கட்டப்பட்டது.

கூரையின் மேல் கினிப்பன்றிகள்

வெல்ஸ் விடவில்லை. அவருடைய மாணவரான மருத்துவர் ரிச்சர்ட் ரைலியுடன் சேர்ந்து, 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில் சோதனை ஒன்றைத் தொடங்கினார். ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டு. அந்த வார்டின் காற்று முழுவதும் குழாய் வழியாக மேல்தளத்தில் உள்ள ஓர் அறைக்குப் போகும். அங்கே கூண்டுகளில் கினிப்பன்றிகள். காசநோய்க் கிருமி ஒன்றிரண்டு உள்ளே போனாலே இவற்றைத் தொற்றிவிடும். நோயாளிகளை அவை பார்த்ததில்லை, தொட்டதில்லை. அவர்கள் மூச்சு விட்ட காற்றை மட்டுமே சுவாசித்தன.

முதல் இரண்டு ஆண்டுகளில் 71 கினிப்பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அடுத்த கட்டத்தில் இரண்டு அறைகள். ஒன்றுக்கு வார்டின் காற்று அப்படியே போனது. மற்றொன்றுக்குப் புற ஊதா ஒளியைக் கடந்து போனது. ஒளி பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன. காசநோய் காற்று வழியே, அதுவும் குழாய் வழியே, இன்னொரு தளத்துக்குப் போகும் என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று. வெல்ஸ் 1963இல் காலமானார்.

இந்தச் சோதனையில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை ஏனோ பலரும் சொல்வதில்லை. எல்லா நோயாளிகளும் சம அளவில் கிருமியைப் பரப்பவில்லை. பெரும்பாலான தொற்று மிகச் சில நோயாளிகளிடமிருந்தே வந்தது. சரியான மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள், எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவாகவே பரப்பினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதைக்கு இது தேவைப்படும்.

அதே ஆண்டுகளில் நம் சென்னையில்

மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை நிலையத்தால் வந்த பெயர் அது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அது அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது.

மருந்துகள் வந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். சானடோரியப் படுக்கைகளோ சொற்பம். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தொற்றிவிடாதா? இதற்கு விடை காண 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாக அமைத்தவை. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில்; மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் குணமானவர்கள் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியானது. குடும்பத்தினரைத் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்தபோது, நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் கூடுதலாக யாரும் நோயுறவில்லை. ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய நாட்களில்தான் இருந்தது. மருந்து தொடங்கியதும் அது வேகமாகக் குறைந்துவிட்டது. பால்டிமோரின் கினிப்பன்றிகள் சொன்னதும் இதையேதான்.

இந்தச் சென்னை ஆய்வு உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட ஒரு முக்கியக் காரணம். எத்தனையோ குடும்பங்கள் பிரியாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

இங்கே நிறுத்தி, நம் வளாகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன், ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம், வேலைக்கு வரும் அம்மாவை அங்கே அனுப்ப வேண்டாம், முடிந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. அப்போது அவர் மருந்து தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. தனிமை அறை முன்மொழிவின் பின்னணியிலும் அந்த அச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அச்சத்துக்கான பதில் இதே ஊரில், நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. மருந்தைத் தவறாமல் சாப்பிடும் அண்டை வீட்டுக்காரரைக் கண்டு நாம் ஒதுங்க வேண்டியதில்லை. எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது எல்லாரோடும் பழகலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார். சங்கம் சொல்ல வேண்டியதில்லை.

போரில் பிறந்த வடிகட்டி

இனி இயந்திரத்தின் கதை. நாம் ஹெப்பா ஃபில்டர் என்று சொல்லும் வடிகட்டி மருத்துவமனைக்காகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய விஷவாயு முகமூடிகளில் ஒரு சிறப்பான வடிதாள் இருப்பதை பிரிட்டிஷார் கவனித்தார்கள். தாவர நாரும் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் கலந்து செய்த தாள் அது. அமெரிக்க ராணுவம் அதே வகையில் தாள் தயாரித்தது. அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க அந்தத் தாளை மடித்து மடித்து வைத்த வடிகட்டிகள் உருவாயின. 1950களில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்தது.

இதன் தரம்: 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஏன் 0.3? பெரிய துகள்கள் இழைகளில் நேரே மோதிச் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடிப் போவதால் எங்காவது இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 0.3 மைக்ரான் துகள்கள்தான் நழுவிப் போக வாய்ப்பு அதிகம். மிகக் கடினமான வினாவைக் கொடுத்துத் தேர்வு வைப்பது போல. அதில் தேறினால் மற்றவை எளிது. "வைரஸ் 0.3 மைக்ரானைவிடச் சிறியது, அதனால் ஹெப்பா பிடிக்காது" என்று வாட்ஸ்அப்பில் வருவது தவறு.

அடுத்து ஒரு விசித்திரம். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்த பிறகு, 1980களில் அமெரிக்காவில் பழைய கட்டடங்களிலிருந்து அதைப் பெயர்த்தெடுக்கும் வேலை பெருமளவில் நடந்தது. அந்தத் தூசி வெளியே பரவாமல் இருக்க, வேலை நடக்கும் பகுதியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விசிறியும் ஹெப்பா வடிகட்டியும் கொண்ட ஒரு பெட்டியை வைத்து, காற்றை வடிகட்டி வெளியே தள்ளினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தாளில் தொடங்கிய வடிகட்டி, ஆஸ்பெஸ்டாஸையே பிடிக்கும் வேலைக்கு வந்தது. சக்கரம் பொருத்திய இந்தப் பெட்டிகள்தான் இன்றைய நகரும் நெகட்டிவ் பிரஷர் இயந்திரங்களின் முன்னோர்.

மருத்துவமனை வாசலுக்கு வந்தது

காசநோய் ஒழிந்துவிட்டது என்று மேலை நாடுகள் நினைத்திருந்த வேளையில், 1980களின் இறுதியில் நியூயார்க்கில் அது திரும்பியது. எச்.ஐ.வி., நெரிசலான சிறைகள், வீடற்றோர் விடுதிகள், நிதி வெட்டப்பட்ட நோய்த்தடுப்புப் பணிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1992இல் மட்டும் அந்த நகரில் 3,811 பேருக்குக் காசநோய். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி, நோயாளிகளோடு ஊழியர்களையும் தொற்றியது. நோயாளிக் கைதிகளுக்குக் காவலிருந்த சிறை ஊழியர் ஒருவரும் உயிரிழந்தார்.

மருந்து வேலை செய்யாத இடத்தில் காற்றுக் கணக்கு மறுபடி முக்கியமாயிற்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1994இல் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது. பழைய தனிமை அறைகளில் மணிக்குக் குறைந்தது 6 முறையும், புதிதாகக் கட்டுபவற்றில் 12 முறையும் காற்று மாற வேண்டும் என்றது. 2005இல் வந்த திருத்தம், அறைக்கும் நடைவழிக்கும் இடையே குறைந்தது 2.5 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வேண்டும் என்றது. எல்லா மருத்துவமனைகளாலும் சுவரை இடித்துக் குழாய் பதிக்க முடியாது. அவர்களுக்குக் கைகொடுத்தது அந்தச் சக்கரப் பெட்டி.

மணிக்கு 12 முறை என்றவுடன், ஐந்து நிமிடத்தில் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய காற்று பழையதோடு கலந்துகொண்டேதான் போகும். வணிகவியல் படித்தவர்களுக்குக் குறைந்துசெல் மதிப்பு முறைத் தேய்மானம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் மீதியிருப்பதில்தான் ஒரு பங்கு குறையும். முழுதாகச் சுழி ஆகாது. 12 முறை மாறும் அறையில் கிருமித் துகள்களில் 99 சதவீதம் நீங்க 23 நிமிடம் ஆகும், 99.9 சதவீதம் நீங்க 35 நிமிடம். 6 முறை என்றால் இரு மடங்கு நேரம்.

இயந்திரத்தை எப்படி அமைக்கிறார்கள்?

மின்னசோட்டா மாநிலச் சுகாதாரத் துறை போன்றவை இதற்கென்றே கையேடுகள் வெளியிட்டிருக்கின்றன. அவற்றின் சாரம் இது.

முதலில் அறையின் கன அளவு. நமது பின்னறை போன்ற, 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் கன அளவு 1,200 கன அடி. மணிக்கு 12 முறை என்றால் 14,400 கன அடி. 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 240 கன அடி. அதாவது மணிக்குச் சுமார் 408 கன மீட்டர். வடிகட்டி பொருத்திய நிலையில் இயந்திரம் இவ்வளவு காற்றை இழுக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் எண் வேறு, அழுக்கேறிய வடிகட்டியோடு ஓடும் எண் வேறு.

இரண்டாவது, வடிகட்டிய காற்று எங்கே போகிறது? இதுதான் மையக் கேள்வி. இயந்திரத்திலிருந்து ஒரு குழாய் கிளம்பி, சன்னலில் பொருத்திய பலகையின் துளை வழியே கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். அப்போதுதான் அறையில் பற்றாக்குறை ஏற்படும். காற்றை வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விட்டால் வரவும் செலவும் சமம். காற்று சுத்தமாகும், ஆனால் அழுத்தம் குறையாது. நாம் கடைகளில் வாங்கும் ஏர் பியூரிஃபையர் இந்த இரண்டாம் வகை. 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இருவர் ஒரு சாதாரண விசிறியையும் சில வடிகட்டிகளையும் ஒட்டிச் செய்யச் சொல்லிக்கொடுத்த பெட்டியும் அப்படியே. இவை பயனற்றவை அல்ல, வகுப்பறைக்கு நல்லவை. ஆனால் இவற்றை வைத்துவிட்டு "நெகட்டிவ் பிரஷர் அறை" என்று கதவில் பலகை மாட்டக்கூடாது.

மூன்றாவது, இயந்திரத்தை நோயாளியின் தலைமாட்டுக்கு அருகில் வைக்க வேண்டும். கதவு ஒரு பக்கம், நோயாளி மறுபக்கம் என்று அமைத்தால், கதவு வழியே வரும் சுத்தமான காற்று முதலில் கவனித்துக்கொள்பவரைக் கடந்து, பிறகு நோயாளியைக் கடந்து, இயந்திரத்துக்குள் போகும். கவனிப்பவர் இந்த ஓட்டத்தில் நோயாளிக்குக் கீழே நிற்கக்கூடாது.

நான்காவது, கதவை மூடி வைக்க வேண்டும். கதவைத் திறந்தவுடன் அழுத்த வேறுபாடு போய்விடும்.

ஐந்தாவது, சோதனை. ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைக் கதவின் அடி இடுக்கில் பிடித்தால் அது அறைக்குள் இழுபட வேண்டும். புகை விட்டும் பார்ப்பார்கள். அறையில் நோயாளி இருக்கும் வரை தினமும் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். நாள் முடிவில் காசாளர் இருப்பைச் சரிபார்ப்பது போல, இதற்கும் ஒரு பதிவேடு உண்டு.

இதில் மனித சுபாவத்தால் வரும் தடையும் ஒன்று இருக்கிறது. இந்த இயந்திரங்கள் நல்ல இரைச்சல் போடும். தூக்கம் வரவில்லை என்று இரவில் அணைத்துவிட்டால், விலை எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வெறும் பெட்டிதான்.

ஒரு குடியிருப்பின் பாடம்

2003இல் சார்ஸ் வந்தபோது, ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் இறந்தனர். மற்ற பிளாக்குகளைவிட ஈ பிளாக்கில்தான் நோயுற்றோர் அதிகம். ஒரே மாடியில் வசிக்காதவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். எப்படிப் பரவியது?

விசாரணையில் குளியலறைகள் மாட்டிக்கொண்டன. தரையில் உள்ள ஜாலிக்கு அடியில் வளைவாக ஒரு டிராப் இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் பூட்டுப் போல் தடுக்கிறது. பல வீடுகளில் தரையைக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்ததால் அந்தத் தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. குளியலறைக் கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் என்ன நடந்தது? அறையில் நெகட்டிவ் பிரஷர். பற்றாக்குறையை ஈடுகட்டக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டுமே! வற்றிய டிராப் வழியே கழிவுக் குழாயிலிருந்து கிருமியோடு வந்தது. ஃபேன் அதை வெளியே தள்ள, கட்டடங்களுக்கு இடையே உள்ள குறுகிய வெளியில் மேலெழுந்து மற்ற வீடுகளுக்குப் போனது.

நெகட்டிவ் பிரஷர் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் அது பாதுகாப்பு. அடுக்குமாடியில் வாழும் நாம் இதை மறக்கக்கூடாது.

கோவிட் காலமும் சன்னலும்

2020 மார்ச் மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோயல்ல என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோரின் முயற்சியில் 239 அறிவியலாளர்கள், காற்று வழிப் பரவலை ஒப்புக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாக வேண்டினார்கள். படிப்படியாகத்தான் நிலைப்பாடு மாறியது. இடைப்பட்ட மாதங்களில் நாமும் பால் பாக்கெட்டைக் கழுவினோம். காய்கறியை உப்புநீரில் ஊறவைத்தோம். சன்னலை மட்டும் மூடி வைத்து ஏசி போட்டுக்கொண்டோம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது.

சன்னல் என்றதும் ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது காற்று மாற்றம் மணிக்குச் சுமார் 28 முறை. இயந்திர அறைக்குச் சொல்லப்பட்ட 12ஐவிட இரு மடங்குக்கு மேல்! உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட, 1950க்கு முந்தைய பழைய கட்டடங்கள்தான் மிகச் சிறப்பாக இருந்தன. நைட்டிங்கேல் அம்மையாரின் காரணம் பிழையாக இருந்திருக்கலாம். அவர் திறக்கச் சொன்ன சன்னல் சரியானது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு இது கைக்கு எட்டும் வழி. காற்று வீசாத நாளில் இது கைகொடுக்காது, காற்றின் திசையும் நம் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்து இதுதான். பின்னறைக்குச் சன்னல் ஒன்றுதான். அது சி பிளாக் வீடுகளின் சமையலறைச் சன்னல்களை நோக்கித் திறக்கிறது. அங்கே வெறும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துவதற்கு நான் வாக்களிக்க மாட்டேன். ஹெப்பா வடிகட்டிய காற்றையும் அந்தப் பக்கம் விடாமல், குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோக முடியுமா என்று முதலில் தெரிய வேண்டும். முடியாவிட்டால் அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததையே மறுபரிசீலனை செய்யலாம்.

ஆகவே கையுயர்த்துவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். இயந்திரம் காற்றை வெளியே தள்ளுமா, உள்ளேயே சுற்றவிடுமா? நமது அறைக்கு அதன் கொள்ளளவு போதுமா? வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், விலை என்ன, கழற்றும் அழுக்கு வடிகட்டியை யார், எப்படி அப்புறப்படுத்துவார்கள்? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? தினசரி சோதனையைக் குறிக்கும் பொறுப்பு யாருக்கு? வாங்கும் விலை ஒரு முறைச் செலவு. மற்றவை எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு. பட்ஜெட்டில் இரண்டும் இருக்க வேண்டும். கடும் நோயாளிக்கு உரிய இடம் மருத்துவமனைதான், நமது கூடம் அல்ல என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

பணம் செலவில்லாத மூன்று காரியங்களைத் தீர்மானத்துக்குக் காத்திராமல் இன்றே செய்யலாம். பயன்படுத்தாத குளியலறைகளின் தரை டிராப்பில் வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவி வைத்திருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். கூட்டம் நடக்கும்போது பலநோக்குக் கூடத்தின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மூன்றாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் மருந்து அங்கே இலவசம். அந்த மருந்தை உட்கொண்டிருக்கும் ஒருவர் லிஃப்டில் ஏறினால், முகம் திருப்பாமல் எந்த மாடி என்று கேட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

பொதுக்குழுவில் சந்திப்போம்.

– ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்